மலைக்கோட்டைக்கு நாலு கோடு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று அண்ணாந்தால் மலைக்கோட்டை, 83 மீட்டர். இந்திய நில அளவைத் துறையின் 58 ஜே/9 தாளில் அந்தப் பாறைக்கு நாலு சமஉயரக் கோடுகள் விழும். 1:50,000 அளவுத் தாளில் கோட்டுக்குக் கோடு வழக்கமாக 20 மீட்டர். அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் இறங்கும்வரை இன்னொரு கோட்டைத் தாண்டினாலே அதிகம்.

நார்வேயின் 1:50,000 வரைபடத்துக்கும் இதே 20 மீட்டர்தான். பனியாறு குடைந்த கடற்கரையில் ஆயிரம் மீட்டர் எழும் பாறைச்சுவர் ஐம்பது கோடுகளாக நெருக்கியடித்து நிற்கும். தாளைப் பார்த்தாலே கால் கூசும். அங்கே இந்த முறையைக் குறை சொல்ல இடமில்லை.

காவிரிக்கரையில்தான் சிக்கல். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் காவிரியைவிடக் கொஞ்சம் தாழ்வு, கொஞ்சம் சரிவு. அந்தக் கொஞ்சம்தான் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துத் தஞ்சை வயல்களைக் காயப்போடப் பார்த்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியது அதைத் தடுக்க. 2018 ஆகஸ்ட் 22 அன்று அந்த மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்தன. டெல்டாவின் தலையெழுத்தையே எழுதிய இந்த அடிக்கணக்கு, இரண்டு கோடுகளுக்கு நடுவில் காணாமல் போகிறது.

இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனை இந்தக் குறைக்கு இழுக்க வேண்டாம். தென்னை மறைத்த சமவெளியில் குன்று கிடைக்காமல் கோபுரங்களில் ஏறியவர் அவர். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் சுவரில் மோதி உருக்குலைந்தது. மனிதர் ஆறு வாரம் உட்கார்ந்து அதைச் சீராக்கினார். ஊர் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. தண்ணீர் எந்தத் தெருவுக்குள் முதலில் வரும் என்பது நம்முடையது.

தாளில் ஆங்காங்கே புள்ளி உயரங்கள் உண்டே என்பார்கள். உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் நிலம் எப்படிச் சாய்கிறது என்று அவை சொல்வதில்லை.

ஏரி, வாய்க்கால், கோயில், பாதை தேடுகிறவருக்கு 58 ஜே/9 நம்பகமான தாள். வெள்ளத்துக்கு அதை வைத்துத் திட்டம் போடுவது தவறு. அரசே இதை ஒப்புக்கொண்ட மாதிரிதான்: 2022-ன் தேசிய புவிவெளிக் கொள்கை, 2030-க்குள் மலைப்பகுதிக்கு 1 முதல் 3 மீட்டர், சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி வேண்டும் என்கிறது. அந்த வரிசையில் முக்கொம்பு முதல் கல்லணை வரையிலான நிலத்தை முதலில் வையுங்கள்.