முடிந்த கதையும் தொடரும் கதையும்

கதை ஒன்று முடிந்த பின்னர் அதனை மீண்டும் தொடங்கலாமா? தொடங்கலாம் எனின், எந்த உரிமையால்? கேட்பதற்கு எளிய வினாவாகத் தோன்றினும், இன்றைய திரையுலகும் தொலைக்காட்சி உலகும் பெரும்பொருள் செலவிட்டு விடை காண முயலும் வினா இதுவே. இதனை நம்மிடம் முதன்முதலில் எழுப்பியவர் அறிஞர் எவரும் அல்லர். நம் இல்லத்துச் சிறுமியே ஆவாள்.

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் ‘2.0’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. ‘எந்திரன்’ படத்தைத் தொலைக்காட்சியில் பலமுறை கண்டு மகிழ்ந்திருந்த மகளையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு சென்று அதனைக் கண்டோம். திரும்புகையில், ஸ்ரீவராகம் கோயில் குளக்கரையை அடைந்த வேளையில், அதுவரை வாய் திறவாது வந்த சிறுமி, “அதைத்தான் கழற்றிப் போட்டாச்சே அப்பா, மறுபடியும் எப்படி வந்தது?” என்று கேட்டாள். “விஞ்ஞானி மறுபடியும் பூட்டிவிட்டார், அம்மா” என்றோம். “அப்படின்னா அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுப் போனது பொய்யா?” என்றாள். முதல் வினாவுக்கு விடை கூறிய நாம், இரண்டாம் வினாவுக்கு விடை கூற இயலாது நின்றோம். அவ்விடையைத் தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்குக் கோப்புகளோடு பழக்கம் மிகுதி. ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ எனக் குறித்து மூடப்பட்ட கோப்பினை மீண்டும் திறத்தல் தவறன்று. ஆயின் அதற்கு இரண்டு நெறிகள் உண்டு. திறப்பதற்குத் தக்க காரணம் ஒன்று, தீர்க்கப்படாத நிலுவையோ புதிதாய் எழுந்த சிக்கலோ, இருத்தல் வேண்டும். முன்னர்ப் பிறப்பித்த ஆணை கோப்பில் அப்படியே இருத்தலும் வேண்டும். அதனை மாற்ற நேரின் காரணம் காட்டியே மாற்றுதல் வேண்டும். கிழித்தெறிந்துவிட்டு மேலே எழுதுதல் கூடாது. கதைகளுக்கும் இந்நெறிகள் பொருந்தும் என்பது நம் கருத்து.

இது மேனாட்டார் வகுத்த நெறி என எவரும் எண்ண வேண்டா. தமிழின் இரட்டைக் காப்பியங்களே இதற்குச் சான்று. சிலப்பதிகாரம் முற்றுப்பெற்ற கதை. கோவலன் கொலையுண்டான்; மதுரை எரிந்தது; சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோட்டம் அமைத்தான். அதன்பின் கூலவாணிகன் சாத்தனார் மணிமேகலையைப் பாட வந்தபோது, கோவலனை உயிர்ப்பித்து மாதவியோடு மீண்டும் சேர்த்து வைக்கவில்லை. அவ்விருவர் மகளின் வாழ்வை எடுத்துக்கொண்டார். அம்மகள் சேர நாட்டு வஞ்சிக்கு வந்து கண்ணகி கோட்டத்தில் வணங்கி நிற்கும்போது, கண்ணகித் தெய்வம் தன் சினத்தால் ஊர் எரித்த வினையின் பயன் இன்னும் தன்னைத் தொடர்வதைக் கூறுகிறது. முன்னைக் காப்பியம் புகழ்ந்து முடித்த செயலைப் பின்னைக் காப்பியம் மறுக்கவில்லை. அதற்குரிய விலை யாது என்று வினவுகிறது. கோப்பும் திறக்கப்பட்டது; பழைய ஆணையும் நின்றது.

இனி, விஞ்ஞானக் கதைகளின் பக்கம் வருவோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொடர் 79 பகுதிகளோடு 1969இல் நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1979இல், அது திரைப்படமாக உயிர்பெற்றது. 1982இல் வெளிவந்த இரண்டாம் படத்தில், யாவரும் போற்றிய ஸ்பாக் என்னும் பாத்திரம், கலத்தையும் தோழரையும் காக்கத் தன் உயிரை ஈந்து மடிகிறது. 1984இல் வந்த மூன்றாம் படமோ அப்பாத்திரத்தை மீண்டும் எழுப்பிற்று. இதனைக் குறைகூற முனைவோர் ஒன்றை மறத்தலாகாது. அவ்வுயிர் மீள்வதற்குத் தலைவன் கிர்க் தன் மகனை இழக்கிறான். தன் கலத்தைத் தானே அழிக்கிறான். விலை கொடுத்தே மீட்டனர். எனினும், அத்தொடருக்கு நீண்ட வாழ்வைத் தந்தது வேறொரு வழி. 1987இல் தொடங்கிய ‘அடுத்த தலைமுறை’ என்னும் கிளைத்தொடர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்த காலத்தில், அதே பெயர் தாங்கிய வேறொரு கலத்தில், முற்றிலும் புதிய மாந்தரைக் கொண்டு அமைந்தது. அது 178 பகுதிகள் ஓடி 1994இல் நிறைவுற்றது. பழைய மாந்தரையே சுமந்து திரியாமல், பழைய வினாவைப் புதியோர் கையில் கொடுத்தமையே அதன் வெற்றிக்குக் காரணம். சாத்தனார் சென்ற வழியும் இதுவன்றோ?

தமிழில் இத்துறையை மக்களிடம் கொண்டுசென்றவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ பின்னர்த் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. திருவனந்தபுரம் நிலையத்தின் ஒளிபரப்பு மலையாளத்தில் அமைந்தமையால், சிறுவராயிருந்த நாம் அதனைக் காணும் பேறு பெறவில்லை. கோடை விடுமுறையில் வந்த சென்னை உறவினர், ஜீனோ என்னும் இயந்திர நாயைப் பற்றி வாய் ஓயாது கூறக் கேட்டதே நமக்குக் கிட்டியது. கதையை நூல்வடிவில் படித்தது பின்னரே. 2020களின் தொடக்கத்து இந்தியாவை, ஜீவா என்னும் தனித்தலைவனின் ஆட்சியில் வைத்து அக்கதை நடக்கிறது. நிலா என்னும் எளிய இல்லத்தரசி, காணாமற்போன தன் கணவனைத் தேடப் புறப்பட்டு, ஆட்சியின் அடித்தளத்தையே அசைக்கும் உண்மையை அடைகிறாள். அத்தலைவன் மனிதனே அல்லன், ஒளியாலான வெறும் பிம்பம் என்பது அவ்வுண்மை.

இங்கே கதை முடிந்தது. ஆயினும் நிலுவை ஒன்று எஞ்சியது. பிம்பம் கலைந்தபின் ஆள்வது யார்? பொய்த்தலைவனை இழந்த மக்கள் மெய்த்தலைமையைப் பெறுவரா, அல்லது வேறொரு பிம்பத்தைத் தேடுவரா? ‘மீண்டும் ஜீனோ’ என்னும் இரண்டாம் நூலைச் சுஜாதா எழுதியது இவ்வினாவுக்காகவே என நாம் கருதுகிறோம். அதில் நிலாவே ஆட்சிப்பீடத்தில் அமர்த்தப்படுகிறாள். ஆட்டுவிப்போர் வேறு சிலர். முதல் நூலின் முடிவு எள்ளளவும் மாற்றப்படவில்லை. அம்முடிவின் விளைவே இரண்டாம் நூல். நம்மை மகிழ்வித்த நாய்க்குட்டியும் உடன் வருகிறது. ஆனால் அதற்காக மட்டுமே அந்நூல் எழுதப்பட்டதன்று.

இயந்திரத்துக்கு அறிவும் அன்பும் முளைத்தால் நேர்வது யாது என்னும் இதே சிந்தனை, இயக்குநர் சங்கரின் ‘எந்திரன்’ படத்திலும் தொடர்ந்தது. உரையாடலில் பங்குகொண்ட சுஜாதா 2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். படம் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அப்படத்தின் பெருமை அதன் போர்க்காட்சிகளில் இல்லை, இறுதிக்காட்சியில் உள்ளது. சிட்டி என்னும் இயந்திர மனிதனைக் கழற்றிவிடுமாறு நீதிமன்றம் ஆணையிடுகிறது. சிட்டி, ஒவ்வொருவரிடமும் விடைபெற்று, தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றி வைக்கிறான். பின்னர், 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில், பள்ளிச் சிறுமி ஒருத்தி இவனை ஏன் பிரித்தனர் என்று கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்னும் பொருள்பட அவனே விடையளிக்கிறான். தமிழ்த் திரையில் இத்துணைத் துயரமும் நிறைவும் பொருந்திய முடிவுகள் மிகச் சிலவே.

‘2.0’ இம்முடிவை என் செய்தது? நகரத்துக் கைப்பேசிகள் யாவும் வானில் பறந்து மறைகின்றன. சிட்டியை எழுப்பினால் அன்றித் தீராது என்கிறார் விஞ்ஞானி. சிறு எதிர்ப்புக்குப் பின் அமைச்சர் இசைகிறார், உறுப்புகள் பூட்டப்படுகின்றன. எட்டாண்டுகளுக்கு முன் நம்மைக் கண்கலங்க வைத்த நீதிமன்ற ஆணை சில நிமிடங்களில் செல்லாததாகிறது. இதற்காக எவரும் எதனையும் இழக்கவில்லை. அதனினும் கொடிது ஒன்று உண்டு. முதற்படத்தில் சிட்டியைக் கொலைகாரனாக்கி, அவன் அழிவுக்கே காரணமான செந்நிறச் சில்லு, இரண்டாம் படத்தில் வெற்றிக்குரிய கருவியாகவும் அரங்கினர் கைதட்டிச் சிரிப்பதற்குரிய பொருளாகவும் ஆகிறது. முன்னது குற்றம் என்று தீர்ப்பளித்ததைப் பின்னது குறும்பு என்று கொண்டாடுகிறது. சிறுமி கேட்ட இரண்டாம் வினாவின் வேர் இதுவே.

பெயர் ஒன்றையும் இங்கே குறித்தல் தகும். ‘2.0’ படத்தில் விஞ்ஞானிக்குத் துணையாக வரும் பெண்வடிவ இயந்திரத்தின் பெயர் நிலா. சுஜாதாவை நினைந்து இட்ட பெயராகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயின் அந்த நிலா, அஞ்சியஞ்சியேனும் ஆட்சியை வினவத் துணிந்த மானிடப்பெண். இந்த நிலாவோ சிட்டியை வியந்து நிற்கும் பொறி. பெயர் தொடர்ந்தது, பெயர்க்குரியவள் தொடரவில்லை.

நடுநிலை தவறாது மற்றொன்றும் கூறல் வேண்டும். அப்படத்தின் பறவையியல் அறிஞர் பக்ஷிராஜன் சிறந்த படைப்பு. கைப்பேசி அலைகளால் பறவைகள் மடிகின்றன என்பது அறிவியலார் ஐயமற நிறுவிய முடிவன்று. எனினும், பிற உயிர்களைக் காக்க மன்றாடித் தோற்று, அலைக்கோபுரத்திலேயே தூக்கிட்டு மடியும் அம்முதியவரின் துயரம் பொய்யன்று. உரையாடலில் பங்குகொண்ட ஜெயமோகன், 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த குமரி மாவட்டத்தவர்; தொலைபேசித் துறையில் பணியாற்றியவர். கைப்பேசிக்கு எதிரான குரல் அவர் பங்குகொண்ட படத்தில் ஒலித்தது சுவையான பொருத்தமே. மனிதன் ஆக்கிய பொறி மனிதனை என் செய்யும் என்று கேட்டது முதற்படம். அது பிற உயிர்களை என் செய்யும் என்பது அதிலிருந்து இயல்பாகக் கிளைக்கும் வினா. அறிஞர் பக்ஷிராஜனை நடுவில் நிறுத்தி, சிட்டியை அருங்காட்சியகத்திலேயே உறங்க விட்டிருந்தால், நமக்கு ஒரு மணிமேகலை கிடைத்திருக்கும். தக்க தொடர்ச்சி அப்படத்தின் உள்ளேயே இருந்தது. மக்கள் விரும்பிய முகத்தை மீண்டும் காட்டும் ஆசை அதனை மூடிவிட்டது.

திரைப்படத்துக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என அன்பர்கள் வினவலாம். இங்கே குடியேறி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் அவர்க்கு வீட்டில் பேச்சாகவும் திரையில் ஒலியாகவும் மட்டுமே வாய்க்கிறது. சிட்டியை அறியாத குழந்தை நம் தெருவில் இல்லை. ஜீனோவை அறிந்த குழந்தையைத் தேடிக் காண்டல் அரிது. அவர்கள் தமிழில் பெறும் கதை எதுவோ, அதுவே தமிழ் அவர்க்குக் கற்பிக்கும் அறமும் ஆகும். இறப்பும் பிரிவும் தீர்ப்பும் வேண்டும்போது கழற்றிப் பூட்டத் தக்கவை என்று அக்கதை கற்பிக்குமாயின், வாளாவிருத்தல் நமக்கு அழகன்று. திரையைத் தடுக்க வேண்டா. அதற்குப் பின்னால் உள்ள நூலைக் கையில் கொடுத்தல் போதும்.

மகளுக்கு நாம் பின்னர் விடை கூறினோம். “அன்றைக்கு அது சொல்லிக்கொண்டு போனது மெய்தான் அம்மா, இரண்டாவது படம் அதை மறந்துவிட்டது” என்றோம். அதன்பின் இரவுதோறும் ‘என் இனிய இயந்திரா’வைச் சிறிது சிறிதாகப் படித்துக் காட்டினோம். பாதிக்கு மேல் அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். முடித்த அன்று, “இனிமேல் அந்த ஊரை யார் பார்த்துக்குவா?” என்று கேட்டாள். எழுந்து சென்று இரண்டாம் நூலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தோம்.