சாரலுக்கு முன்னால் ஒரு டப்பா எண்ணெய்

வெளியில் நிற்கிற மரத்துக்கு யாராவது வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தால், போய்க் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று இருக்கிறது எனக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில், டீக்கடையில், செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்று எங்கேயும் இந்தப் பேச்சைத்தான் எடுக்கிறேன். வீட்டில் “ஆரம்பிச்சிட்டாக” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். நிறம் கலந்த மர எண்ணெய் என்று ஒன்று டப்பாவில் கிடைக்கிறது. தென்காசி, குற்றாலம் பக்கத்தில் மழை படும் இடத்தில் மரம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவையாவது பூசிப் பார்க்க வேண்டும். பூசினால் நீங்களும் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள்.

எங்கள் வீடு மேலகரத்தில். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். மேற்கே தலையைத் திருப்பினால் மலை. ஆனி பிறந்ததும் ஆரியங்காவு கணவாய்க்குள் புகுந்து காற்று வரும், காற்றோடு சாரல் வரும். ஊருக்கெல்லாம் அது கொண்டாட்டம்; மரத்துக்கு அது சோதனை. அடைமழை கொட்டி ஓய்ந்தால் மரம் தாங்கிக்கொள்ளும். சாரல் ஓய்வதில்லை. மாவு சலித்த கணக்கில் பொடித்தூறல், காற்றின் தள்ளலில் படுக்கைவாட்டில் வந்து தூணின் மேற்குப் பக்கத்தை நாள் முழுக்க நனைக்கும். நடுவில் வெயில் சுள்ளென்று எட்டிப் பார்க்கும். உடனே மறுபடி தூறல். இது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை. அதற்கப்புறம் பங்குனி, சித்திரை வெயில்.

ஈரம் குடித்தால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் கண்ணாடி மாதிரி உட்கார்ந்திருக்கும் வார்னிஷ் படலம் அவ்வளவு தூரம் இழுபடாது. மயிரிழைக் கீறல் விடும். கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வர வழி இருக்காது. முதலில் வெளுத்த திட்டு, பிறகு பொரிப்பொரியாக உரிதல். உரிந்த படலத்தைச் சுரண்டி எடுக்கிற வேலை இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது.

எண்ணெயில் இந்தத் தொல்லையே இல்லை. அது மேலே படலமாக நிற்பதில்லை. துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது. உரிவதற்கு மேலே ஒன்றும் இல்லை என்றால் எது உரியும்? குற்றாலத்தில் அருவிக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் முதலில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முன்னால் உட்கார்ந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஊறவிட்டுத்தானே தண்ணீருக்குள் போவார்கள்? மனிதருக்குத் தெரிந்த சூட்சுமத்தை மரத்துக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

ஆனால் எல்லா எண்ணெயும் எண்ணெய் ஆகாது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், புங்க எண்ணெய், இலுப்பை எண்ணெய் எதுவும் காய்ந்து கெட்டிப்படாது. வருடக்கணக்கில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். காய்கிற சாதியில் தலைவன் ஆளிவிதை எண்ணெய். கடைகளில் லின்சீட் ஆயில் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். அதையும் தனியாகப் பூசினால் எங்கள் ஊர் ஈரத்தில் கரும்பூசணம் ஏறும், ஏனென்றால் பூசணத்துக்கு அது சாப்பாடு. அதனால் பூசணக் கொல்லி கலந்து, வெளிப்புற மரத்துக்கென்றே தயாரித்ததை வாங்க வேண்டும். சிலர் மாட்டுக் கொட்டகைக் கால்களுக்குப் பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அது காய்வதும் இல்லை, அதிலுள்ள உலோகக் கசடு மழையில் கரைந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து இறக்குகிற கறுத்த எண்ணெயைக் கேரளத்துக் கெட்டுவள்ளங்களுக்குப் பூசுவார்கள். தண்ணீரிலேயே கிடக்கிற படகைக் காக்கிற எண்ணெய், சாமானியமானதா? வெறும் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், அதனால் பழகிய கைகளுக்குத்தான் அந்த வேலை. மரத்தையும் கறுப்பாக்கிவிடும். வேங்கையின் வரிகளைப் பார்த்துப் பார்த்து மயங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது தோதுப்படாது.

இனி நிறத்துக்கு வருகிறேன். என் பைத்தியமே இங்கேதான். நிறம் அழகுக்காகக் கலப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை! இந்த எண்ணெயில் நிறம்தான் குடை. மரத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு லிக்னின் என்ற பொருள். நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது அதுதான். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் லிக்னின் சிதையும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மிஞ்சுவது சாம்பல் நிறத்து வெறும் நார். பழைய மாட்டுவண்டி நுகத்தடியில் பார்க்கிறோமே, அந்தச் சாம்பல். நிறமில்லாத எண்ணெய் இந்தக் கதிரை உள்ளே விட்டுவிடுகிறது. தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. நிறமி கலந்தால், அதிலும் இரும்பு ஆக்சைடு கலந்தால், கதிரை அது வாங்கிக்கொள்ளும். மிக நுண்ணியதாக அரைத்த இரும்பு ஆக்சைடு என்றால் இன்னும் அதிசயம்: மரத்தின் ரேகை கண்ணுக்கு அப்படியே தெரியும், கதிர் மட்டும் உள்ளே இறங்காது.

இரும்பு ஆக்சைடு யார் என்று நினைக்கிறீர்கள்? நம் தாத்தா வீட்டு ரெட் ஆக்சைடு தரை! கோயில் மதிலில் பட்டை பட்டையாக இழுத்திருக்கும் காவி! தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மண்ணின் சிவப்பு! ஸ்வீடனில் ஃபாலுன் என்ற ஊரில் ஒரு தாமிரச் சுரங்கம் இருந்தது, 1992இல் மூடிவிட்டார்கள். அதன் கழிவு மண்ணிலிருந்து எடுத்த இரும்புச் சிவப்பைத்தான் அந்த நாட்டு மர வீடுகளுக்கு நூற்றாண்டுகளாகப் பூசுகிறார்கள். பனி கொட்டுகிற அங்கேயும் சாரல் அடிக்கிற இங்கேயும் மரத்தைக் காக்க வருவது ஒரே துரு. எனக்கு இதை நினைத்தாலே புல்லரிக்கும்.

சரி, கடைக்குப் போனால் எந்த நிறம்? வெளிர் நிறங்களில் நிறமி குறைவு, சீக்கிரம் தோற்கும். மிக அடர்ந்த நிறம் சித்திரை வெயிலில் சூடேறி, பெஞ்சில் உட்கார விடாது. நடுத்தரமான தேக்கு நிறமும் அதைவிட ஒரு படி ஆழமான செம்பழுப்பும் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தம் என்பது என் தீர்ப்பு. டப்பா மேலே இருக்கிற படத்தை நம்பவே நம்பாதீர்கள். ஒரே எண்ணெய் பலாவில் பொன்னாகத் தெரியும், வேங்கையில் செம்மையாகத் தெரியும், நாள்பட்ட தேக்கில் காப்பிப் பொடி நிறத்துக்குப் போய்விடும். செங்கோட்டை வாள்பட்டறையில் மரம் அறுக்கும்போதே துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதே மரத்துண்டில் பூசி, காயவிட்டு, வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பாருங்கள். இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடுவது நல்லது, டப்பாவுக்கு டப்பா சாயல் மாறும்.

எண்ணெய் வந்துவிட்டது என்பதற்காகக் கூரையை மறந்துவிடக் கூடாது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் செங்கோட்டை. அந்தச் சமஸ்தானத்தின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை மர வேலைப்பாட்டையும் முதலில் காத்து நிற்பது சரிந்து இறங்குகிற ஓட்டுக்கூரை. தாழ்வாரம் நன்றாக வெளியே நீண்டிருந்தால் எண்ணெய்க்குப் பாதி வேலை மிச்சம்.

பூசும் காலம் தை கடைசியிலிருந்து சித்திரை விசு வரை. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசாரி மீட்டர் எதுவும் வைத்திருக்கவில்லை. தூணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். “பாத்தேளா அண்ணாச்சி, குடிச்சிட்டு. தண்ணியக் குடிக்குத மரம் எண்ணெயையும் குடிக்கும். முத்து மாதிரி நின்னுச்சுன்னா இன்னும் தேய்க்கணும்னு அர்த்தம்.” தேய்ப்பதற்கு உப்புத்தாள்: முதலில் 80, பிறகு 120. அதற்கு மேல் வழவழப்பாக்கினால் வெளிப்புற மரம் எண்ணெயை ஏற்காது. உள்ளறை மேஜை மாதிரி இழைக்க ஆசைப்பட வேண்டாம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் தின்னர் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட வேண்டும். வேங்கை நனைந்தால் சாயம் விடும், அதையும் முன்கூட்டியே கழுவிக் காயவிட்டால் திண்ணையில் கறை விழாது.

அப்புறம் அந்தக் கணம்! தேய்த்து வெளுத்துக் கிடக்கிற பலகையில் முதல் பிரஷ் இழுப்பு. மங்கிப்போன மரம் என்று நினைத்தது கண் முன்னால் விழித்துக்கொள்கிறது. ரேகைகள், கணுக்கள், ஒளிந்திருந்த செம்மஞ்சள் எல்லாம் ஒரே இழுப்பில் மேலே வந்து நிற்கும். எங்கள் தோட்டத்து வேங்கைப் பெஞ்சில் அதைப் பார்த்த அன்று, தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து தடவிப் பார்த்து, “புது மரமா சார்?” என்றார். இதற்கு மேல் என்ன விருது வேண்டும்?

கொஞ்சம் நிதானமும் வேண்டும். நேர் வெயிலில் பூசினால் எண்ணெய் உள்ளே இறங்கும் முன்பே மேலே காயும். காலை நிழல்தான் சரி. நிறமி அடியில் தங்கும் என்பதால் அடிக்கடி கிண்ட வேண்டும். ஒரு பலகையை எடுத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட கோடு விழும். அறுத்த முனைகள் தாகத்தோடு இருக்கும், அங்கே இரண்டு மூன்று தடவை ஊட்ட வேண்டும், தண்ணீர் முதலில் ஏறுவதும் அந்த வழிதான். கால் மணி, இருபது நிமிடம் பொறுத்து, குடித்தது போக மிச்சத்தைத் துணியால் ஒற்றித் துடைத்தே தீர வேண்டும். மேலே தேங்கிய எண்ணெய் வார்னிஷைப் போலப் படலமாகிவிடும், பிறகு எதற்கு இவ்வளவு பாடு? ஒரு நாள் விட்டு அடுத்த கோட்டு. அடிக்கும் நாளில் காற்று இல்லாமல் இருப்பது பாக்கியம். சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தில் காற்று வீசினால் தூசி முழுக்க உங்கள் பெஞ்சில்தான்.

துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வது வெப்பம் விடுகிற ரசாயன மாற்றம். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றும். கதையில்லை: 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில் இப்படிப்பட்ட எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ கிளம்பி, 3 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். துணியைத் தண்ணீர் வாளியில் அமுக்கி வையுங்கள், அல்லது கொடியில் விரித்துத் தனித்தனியாக உலர்த்துங்கள்.

இவ்வளவு செய்தால் எத்தனை நாள் தாங்கும்? தாழ்வாரத்துக்குள் இருக்கிற தூணுக்கு நெடுநாள் கவலையில்லை. சாரல் நேரே மோதும் கேட்டுக்கு வருடா வருடம் ஒரு கோட்டு. அதற்காகச் சுரண்ட வேண்டியதில்லை, பழைய கோட்டை எடுக்க வேண்டியதில்லை: சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மங்கின இடத்தில் மட்டும் பூசித் துடைத்தால் பழையதோடு புதியது கலந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. இந்த ஒரு குணத்துக்காகவே வார்னிஷ் டப்பாக்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போடலாம்.

எதிர்வீட்டு அண்ணாச்சி போன வாரம் வந்து எங்கள் கேட்டை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுத் திண்ணைத் தூணுக்கும் இது ஒத்துவருமா என்று கேட்டார். தை பிறக்கட்டும், நானே வந்து பூசித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உப்புத்தாள் தேய்ப்பது மட்டும் அவர் பொறுப்பு.