வாக்யாவும் நாயேனும்: ஜெஜூரி வழிபாட்டு நோக்கில் ஓர் ஒப்பாய்வு

அடியவர் தம்மை மனிதரல்லாத உயிராகக் கருதிக்கொள்ளும் நிலை பக்தி இலக்கியத்தில் பரவலாகக் காணப்படுகிறது. இதனை உவமை என்றோ பணிவுரை என்றோ கொண்டு அமைவதே தமிழ்த் திறனாய்வின் பொதுப்போக்காகும். புணே மாவட்டத்து ஜெஜூரியில் வழங்கும் கண்டோபா வழிபாட்டோடு ஒப்பிடுமிடத்து இப்போக்குப் போதாதென்பது புலனாகிறது.

வாக்யா மரபு

புணே நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள ஜெஜூரியில், கண்டோபாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஆண் 'வாக்யா' எனவும் பெண் 'முரளி' எனவும் வழங்கப்பெறுவர். 'வாக்' என்னும் மராத்திச் சொல் புலியைக் குறிக்கும். பெயரால் புலியாகிய இவ்வடியவன் தொண்டால் இறைவனின் நாயாவான். நாய்போல் குரைத்தலும் கலத்தில் இட்டதை நாய்போல் உண்ணுதலும் அவனுக்குரிய சடங்குகளாகப் பதிவாகியுள்ளன. கண்டோபா மரபை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஜெர்மானிய அறிஞர் குந்தர் சொந்தைமரும் புணேயில் வாழ்ந்த ரா. சிம். டேரேயும் குறிப்பிடத்தக்கோர்.

தமிழ் மரபின் மூன்று நிலைகள்

குலசேகராழ்வார் வேங்கடமலையில் குருகாகவும் மீனாகவும் பிறக்க விழைகிறார், இது வேட்கை. மாணிக்கவாசகர் தம்மை நாயெனச் சுட்டுகிறார், இது தற்சுட்டு. திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் ஆறாம் திருமொழியில் தலைமகள் தன்னையே இறைவனாகக் கூறுவதைத் தாய் எடுத்துரைக்கிறாள். வியாக்கியான மரபு இதனை அநுகாரம் என விளக்குகிறது. இம்மூன்றும் சொல்லளவில் நிகழ்வன. வாக்யாவிடமோ அது உடலாலும் வாழ்முறையாலும் நிகழ்கிறது.

கொலாட்கரின் நோக்கு

அருண் கொலாட்கரின் 'ஜெஜூரி' (1976) 1977இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது. அதில் வாக்யாவின் கூற்றாக அமைந்த கவிதை, கடவுளை அறிதலை வேட்டையாடும் விலங்கின் அனுபவமாகவும் வேட்டைப்படும் உயிரின் அனுபவமாகவும் ஒருசேரக் காட்டுகிறது. விலங்குநிலை தாழ்வு மட்டுமன்று, ஆற்றலுமாகும் என்பது இதனால் பெறப்படும். இறைவன்முன் நாய், உலகோர்முன் புலி என்னும் இரட்டைநிலை இங்குத் துலங்குகிறது.

தெரிவும் திணிப்பும்

எனினும் இவ்வொப்பீட்டில் ஓர் எல்லை உண்டு. பாண்டியன் அமைச்சராக இருந்தவர் எனப் புராணம் கூறும் மாணிக்கவாசகர் 'நாயேன்' என்கையில், உயர்நிலையிலிருந்து தாமே விரும்பி இறங்குகிறார். வாக்யாக்களில் பலர் பெற்றோரின் நேர்த்திக்கடனால் குழந்தைப் பருவத்திலேயே விடப்பட்டவர். முரளியாக விடப்பட்ட பெண்களின் நிலை இதனினும் கொடிது. பெண்களை இறைவனுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்திற்கு எதிராக 1934இல் பம்பாய் மாகாணத்திலும் 2005இல் மகாராட்டிரத்திலும் சட்டங்கள் இயற்றப்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. தானே ஏற்ற தாழ்வு பக்தி. பிறர் சுமத்திய தாழ்வை அப்பெயரால் போற்றுதல் பொருந்தாது.

முடிவாக, 'நாயேன்' போன்ற சொற்களை ஆராய்வோர் அவற்றின் பொருளோடு நில்லாது, அந்நிலையைத் தெரிந்தெடுத்தவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும். ஜெஜூரி தமிழாய்வுக்கு உணர்த்துவது இதுவே எனலாம்.