ஜெயாவின் கோணிப்பை

என் மகளுக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கோடை விடுமுறை மாலையில் அவளுக்கு வேலுவின் கதையை வாசித்துச் சொன்னேன். கதை ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். குப்பைத்தொட்டியிலிருந்து வாழைப்பழம் எடுக்கும் இடம் வந்ததும் அவள் என் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். “பாவம்மா அவங்க” என்றாள். மறுநாள் காலை தன் பழைய ஷூவைக் கழுவிக் கொண்டுவந்து, இதைத் தெருமுனைத் தொட்டிப் பக்கம் வைத்தால் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல புத்தகம், நல்ல பிள்ளை, நல்ல அம்மா. மயிலாப்பூரின் பல வீடுகளில் குழந்தைப் புத்தகங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை இதுதான் என்பதும், அதில் ஒரு கோளாறு இருக்கிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அதைச் சொல்லித் தந்தவள் என் மாணவி.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ட்ராஷ்!’ என்ற புத்தகத்தை 1999இல் சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்டது. கீதா வுல்ஃப், அனுஷ்கா ரவிஷங்கர், ஓரிஜித் சென் ஆகிய மூவரின் பெயர்களில் வந்த நூல். குப்பை பொறுக்கும் குழந்தைகளைப் பற்றியது. அதிலிருந்து ஒரு பகுதி என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் இடம்பெற்றது. அதனால் எழும்பூர் பக்கமே வந்திராத வடநாட்டுப் பிள்ளைகளும் வேலுவோடு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியிருக்கிறார்கள்.

வேலு பதினொரு வயதுப் பையன். அவனும் அவன் சகோதரிகளும் சம்பாதிக்கும் காசைக் குடிகார அப்பா பிடுங்கிக்கொள்கிறார். டிக்கெட் இல்லாமல் ரயிலேறிச் சென்னைக்கு வந்துவிடுகிறான். ஸ்டேஷனில் அசந்து கிடப்பவனைக் கோணிப்பை தூக்கிய ஒரு சிறுமி எழுப்புகிறாள். அவள் ஜெயா. சென்ட்ரல் ஜெயிலைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் அழைத்துப்போய், எச்சில் தொட்டியிலிருந்து அவனுக்குச் சாப்பாடு காட்டுகிறாள். பிறகு கால்வாய்க் கரைக் குடிசைகளுக்குக் கூட்டிப்போகிறாள். காலுக்குப் பழைய பூட்ஸும் கைக்கு ஒரு கொக்கிக் குச்சியும் தருகிறாள். பொறுக்கியதை ஜாம்பஜார் ஜக்குவிடம் விற்கலாம் என்று தொழில் சொல்லித் தருகிறாள். அந்தச் சிறைச்சாலையை 2009இல் இடித்துவிட்டார்கள். ஜாம்பஜார் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, நான் பணிபுரியும் கல்லூரியில் குழந்தை இலக்கியம் பற்றிய தாளை நடத்தும் வாய்ப்பு வந்தது. இந்தக் கதைப்பகுதியை நானே தமிழாக்கி வகுப்பில் கொடுத்தேன். முதல் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் குடும்பம் மயிலாப்பூருக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அம்மா பழைய பேப்பர் கடையில் ரகம் பிரிக்கிற வேலை பார்த்தவர் என்று ஏதோ ஒரு விண்ணப்பம் எழுதும்போது என்னிடம் சொல்லியிருந்தாள்.

வகுப்பில் கதை முடிந்ததும் நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்: “உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமே. கொஞ்சம் சொல்லேன், மத்தவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

எழுந்து நின்றாள். மூன்று நிமிடம் பேசியிருப்பாள். வகுப்பு அமைதியாகக் கேட்டது. யாரோ ஒருத்தி “ஐயோ பாவம்” என்று மெல்லச் சொன்னாள். அடுத்த வாரம் முழுக்க அந்தப் பெண் வரவில்லை. திரும்பி வந்த அன்று துறை வாசலில் நின்று சொன்னாள்: “கதை நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா நடத்தும்போது என்னைப் பார்க்காதீங்க.” போகத் திரும்பியவள் மறுபடி நின்றாள். “அந்தப் பொண்ணு பாவம் இல்ல மேடம். அவளுக்கு வேலை தெரியும்.”

அன்று இரவு அந்தக் கதையை நான் மறுபடி படித்தேன். முதல்முறையாகப் படிப்பதுபோல் இருந்தது.

அவள் சொன்னது உண்மை. கதையில் திணறுகிறவன் வேலு. ஜெயாவோ கேலி பேசுகிறாள், அவசரப்படுத்துகிறாள், சாலையை எப்படிக் கடப்பது என்று அறிந்திருக்கிறாள். எது விற்கும், எது விற்காது, யாரிடம் விற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த நகரத்தின் பொருளாதாரத்தை நமக்கு விளக்குகிற ஆசிரியை அவள். அவளை அழவிடாமல், யாரையும் கொண்டு அவளைக் காப்பாற்றவிடாமல் எழுதியது இந்த ஆசிரியர்களின் நேர்மை. என் மகளும், என் வகுப்பும், நானும் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் கோணிப்பையை மட்டும் பார்த்தோம்.

ஆனால் பழி முழுவதும் எங்கள் மேல் இல்லை. பாடநூலில் வந்த பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலுவுக்கு ஓர் ஊர் உண்டு. அப்பா உண்டு. ஓடிவந்ததற்குக் காரணம் உண்டு. பசி, வெயில், அருவருப்பு எல்லாம் அவன் உடம்பு வழியாகத்தான் நமக்கு வருகின்றன. ஜெயாவுக்கு இவை எதுவும் இல்லை. அவள் எங்கிருந்து வந்தாள், யாருடன் இருக்கிறாள்? கதை கேட்கவில்லை. பையன் நகரத்தைத் தெரிந்துகொள்ள அவள் வழித்துணை. நம் சினிமாவிலும் நாவலிலும் ஆண் உலகத்தைக் கற்றுக்கொள்ள உதவிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பெண்களின் வரிசை நீளமானது. அதில் பத்து, பதினொரு வயதிலேயே ஒருத்தி சேர்ந்துவிடுகிறாள்.

இன்னும் அமைதியாக இருப்பவர்கள் வேலுவின் சகோதரிகள். அவர்கள் உழைப்பையும் அதே அப்பாதான் பிடுங்கினார். வேலு ரயிலேறினான். அவர்கள்? அன்ரிசர்வ்டு பெட்டியின் கதவோரம், இரவு முழுக்கச் சீட்டாடும் ஆண்களுக்கு நடுவில் அவன் தூங்கிவிட முடிகிறது. அவன் அக்காவோ தங்கையோ அங்கே தூங்கியிருக்க முடியுமா? ஓடிப்போவதுகூட ஆண்பிள்ளைக்குத்தான் எளிது என்பதைக் கதை அறியாமலேயே நமக்குக் காட்டிவிடுகிறது.

இதைப் படித்த பிறகு சமூக நீதி பேசும் குழந்தைப் புத்தகங்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: இந்தப் புத்தகம் தன்னைப் படிக்கும் குழந்தையை எங்கே உட்காரவைக்கிறது?

‘ட்ராஷ்!’ பகுதி அவளை ஜன்னலோரம் உட்காரவைக்கிறது. பார், தெரிந்துகொள் என்கிறது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழந்தையும் ஒருநாள் இதே பாடத்தைப் படிக்கக்கூடும் என்று அது நினைத்ததாகத் தெரியவில்லை. அப்படி ஒருத்தி படிக்கும்போது அவள் வாசகியாக இருக்க முடிவதில்லை. சாட்சியாக்கப்படுகிறாள். நான் அவளை எழுப்பி நிறுத்தியது என் பிழை. ஆனால் எழுப்பத் தூண்டிய ஏற்பாடு அந்தக் கதையின் பார்வையிலேயே இருந்தது.

எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வேறு இடத்தில் உட்காரவைக்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல். மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியோடு பேசுகிறது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலை வெளியே சொல்லும் துணிச்சலைப் பற்றிய கதை. இங்கே படிக்கும் குழந்தை வேடிக்கை பார்ப்பவள் இல்லை. மாடி வீடானாலும் குடிசையானாலும் ஆபத்து அவளுக்கும் உண்டு. ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு நகர அவளுக்கு இடம் இல்லை.

விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ மூன்றாவது இடம் ஒன்றைக் காட்டுகிறது. பள்ளி மாணவர்களின் மணிக்கட்டில் சாதி அடையாளமாகக் கட்டப்படும் வண்ணக் கயிறுகளைப் பற்றியது. இதைப் படிக்கும் குழந்தை தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அநீதி எங்கோ நடப்பது அன்று, என் கையிலேயே கட்டியிருக்கக்கூடியது என்று அது சொல்கிறது. பார்ப்பவள், பாதிக்கப்படுபவள், பொறுப்புள்ளவள் என்று இந்த மூன்று இருக்கைகளில் நம் புத்தகங்கள் பெரும்பாலும் முதலாவதையே நம் பிள்ளைகளுக்குப் போட்டுத் தருகின்றன. அது சொகுசானது. அதனால்தான் நாமும் விரும்பி வாங்குகிறோம்.

இன்னொரு சென்னைப் புத்தகத்தையும் ஜெயாவின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிவேதிதா சுப்ரமணியமும் சௌம்யா ராஜேந்திரனும் எழுதி 2011இல் தூலிகா வெளியிட்ட ‘மயில் வில் நாட் பி கொயட்!’. பதின்பருவத்தின் வாசலில் நிற்கும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. ஆங்கிலத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் 2015இல் இதற்குக் கிடைத்தது. எனக்குப் பிடித்த புத்தகம். பெண்பிள்ளை ஏன் அடங்க வேண்டும் என்று தலைப்பிலேயே சண்டைக்கு நிற்கிறது. மயிலுக்கு ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. அதில் அவள் கோபப்படலாம், கிறுக்கலாம், தப்பாக நினைக்கலாம், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். ஜெயாவுக்கு நாட்குறிப்பு இல்லை. இரண்டு பெண்களும் ஒரே நகரத்தில், பெண்கள் தொடங்கி நடத்தும் பதிப்பகங்களிலிருந்து வந்தவர்கள். ஒருத்திக்கு ‘நான்’ கிடைத்தது. மற்றவளுக்கு ‘அவள்’தான் கிடைத்தது. அன்றாடக் குழந்தைப்பருவம் என்பது வசதியுள்ள பிள்ளைக்கும், சமூகப் பிரச்சினை என்பது ஏழைப் பிள்ளைக்கும் என்று பங்கு பிரித்துவைத்திருக்கிறோம். ஜெயாவுக்குப் பிடித்த பாட்டு எது, அவள் யாரோடு சண்டை போடுவாள், முதல் மாதவிடாயை எப்படிச் சமாளித்தாள் என்று எழுதினால் அதுவும் அன்றாடம்தானே?

வரலாற்று நூல்களிலும் இதே பங்கீடு உண்டு. அம்பேத்கரைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதும்போது கேள்வி கேட்ட சிறுவனாக அவரைக் காட்டுவது நல்ல உத்தி. சௌம்யா ராஜேந்திரன் எழுத்தில், சாத்விக் காடே ஓவியங்களுடன் தூலிகா வெளியிட்ட அம்பேத்கர் நூலின் ஆங்கிலத் தலைப்பே ‘ஏன்’ என்று கேட்ட சிறுவன் என்கிறது. ஆனால் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் அறியும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அம்பேத்கர் ஒரு செய்தி சொல்கிறார். நாவிதர்கள் தீண்ட மறுத்ததால் வீட்டுப் பையன்களுக்கு முடி வெட்டிவிட்டது அவருடைய அக்கா. வெட்டி வெட்டித் தேர்ச்சி பெற்றுவிட்டார். அந்த அக்காவின் கையையும் கத்தரியையும் வைத்து ஒரு படப்புத்தகம் வந்தால், தீண்டாமை என்ன என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். அதைச் சமாளிக்க வீட்டுப் பெண் என்ன உழைத்தாள் என்பதும் புரியும்.

நம் ஊரிலேயே பாருங்கள். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தரத் தீர்மானித்தது. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். தி.நகர் அவர் பெயரில் இருக்கிறது. தலைவர் பெயர் பாடத்தில் இருக்கிறது. முதல்நாள் சாப்பிட்ட பிள்ளை யார், சமைத்த கை யாருடையது என்று எழுத ஒரு குழந்தை நாவலாசிரியை வேண்டும். ஆல்காட் 1894இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கும் இது பொருந்தும். சகோதரி சுப்பலட்சுமி ஐஸ்ஹவுஸில் நடத்திய விடுதியில், கடலைப் பார்த்தபடி பாடம் படித்த இளம் விதவைகளில் பலர் நம் பள்ளிப்பிள்ளைகள் வயதுதான். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லம் தொடங்கக் காரணமாக இருந்தவர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய சிறுமிகள். நிறுவனர்களின் வாழ்க்கையை நாம் எழுதிவிட்டோம். கதவைத் தட்டியவர்களை இன்னும் உள்ளே அழைக்கவில்லை.

யார் எழுதுவது என்ற கேள்வியும் இருக்கிறது. பால சாகித்ய புரஸ்கார் 2010இல் தொடங்கியது. 2025 வரை தமிழுக்குப் பரிசு பெற்ற பதினாறு பேரில் பெண்கள் இருவர்: தேவி நாச்சியப்பன், ஜி. மீனாட்சி. பட்டியலில் ‘ரேவதி’ என்றும் ஒரு பெயர் உண்டு. அது ஓர் ஆணின் புனைபெயர். பிள்ளைக்குக் கதை சொல்லும் வேலை வீட்டில் பெண்ணுக்கு, அச்சில் ஆணுக்கு. பரிசு பெற்ற ஆண்களின் நூல்களை நான் மதிக்கிறேன், மேலே இருவரைப் பாராட்டியும் இருக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கு தற்செயலாக விழுந்த கணக்கு இல்லை.

இப்போதும் அந்தக் கதையை வகுப்பில் நடத்துகிறேன். நீக்கிவிட மனம் வரவில்லை. ஜெயாவைப் போன்ற ஒரு தொழிலாளிச் சிறுமி நம் பாடங்களில் அபூர்வம். ஆனால் யாரையும் எழுப்பி அனுபவம் கேட்பதில்லை. பலகையில் மூன்று கேள்விகள் எழுதுகிறேன். இந்தக் கதையில் யாருக்குக் காரணம் தரப்பட்டிருக்கிறது, யாருக்குத் தரப்படவில்லை? ஜெயாவுக்குத் தெரிந்த வேலைகள் எவை? இந்தக் கதை யாருக்குச் சொல்லப்படுகிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத மாணவிகளுக்கு ஒரு பக்கம் போதவில்லை.

அந்த மாணவி தேர்வு எழுதி முடித்துப் போய்விட்டாள். குழந்தை இலக்கியத் தாளில் கடைசிக் கேள்விக்கு ஜெயாவைத் தேர்ந்தெடுக்கவில்லை, அழ. வள்ளியப்பாவைப் பற்றி எழுதினாள். நன்றாக எழுதியிருந்தாள். தன்னைப் பற்றி எழுதாமல் இருக்கும் உரிமையை அவள் பயன்படுத்திக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பழைய பாடநூல் அகப்பட்டது. தரையில் உட்கார்ந்து படித்தாள். “ஜெயா ஏன்மா அங்க வந்தா? அதைப் போடவே இல்லையே?” என்றாள். பாவம் என்ற சொல் இந்த முறை வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தெரிந்த ஒருத்தி எழுதட்டும் என்றுதான் காத்திருக்கிறேன். அவள் எழுத விரும்பினால்.