வேலியில் ஏறிய சுடர்

கார்த்திகை மாதத்தில் முள்வேலியைப் பற்றி ஏறிப் பூத்திருக்கும் செங்காந்தள். இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்ளும். என்ன நேர்த்தி!

ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, நெளிந்த விளிம்போடு தீச்சுடராய் மேலெழும். பச்சையும் மஞ்சளுமாய் விரிந்து, சில நாளில் முழுச் சிவப்பாகும். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு இதை உவமை சொன்னது எவ்வளவு பொருத்தம்!

இச்செடியை முதலில் லில்லி குடும்பத்தில் வைத்திருந்த தாவரவியலாளர்கள் பின்னர் கால்சிகேசி குடும்பத்துக்கு மாற்றினார்கள்.

நீர் தேங்கினால் இதன் கிழங்கு அழுகிவிடும். வடிகால் உள்ள செம்மண் போதும். கலப்பை வடிவக் கிழங்கு கோடையில் மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டதும் முளைக்கும். செடி முழுதும் கால்சிசின் என்ற கொடிய நஞ்சு. மருத்துவர் அளந்து கொடுத்தால் அதுவே மூட்டுவலி மருந்து. அந்த மருந்துக்கு வேண்டிய செங்காந்தள் விதைக்காகவே மூலனூர்ப் பக்கம் உழவர்கள் பந்தலிட்டு வளர்த்து, பூப்பூவாய்க் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள்.