பாற்கடலில் வெட்டுண்ட மீன்கள்

செப்டம்பரில் கம்போடியா போனால் மழையில் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் போனேன். சியாம் ரீப்பில் காலையில் பிடித்த மழை, டுக்டுக்கின் பிளாஸ்டிக் திரையைத் தாண்டி மடியை நனைத்தது. அங்கோர் வாட்டின் கூட்டம் மொய்க்கும் மேற்கு வாசலை விட்டு, ஓட்டுநர் அகழியைச் சுற்றிக் கிழக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். மரங்களுக்கு நடுவே மண்பாதை. சேறு செருப்பைப் பிடித்து இழுக்க, ஓடிப்போய் ஒரு கல்மண்டபத்தில் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் பாற்கடல்.

அங்கோர் வாட், 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில். அமுதத்துக்காகப் பாற்கடலைக் கடையும் கதை நம் ஊர்த் தூண்களில் ஒரு சாண் சதுரத்தில் முடிந்துவிடும். இங்கே கிழக்குச் சுற்றுமண்டபத்தின் தென்பாதியில் அது 49 மீட்டர் நீளத்துக்குப் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. இடப்பக்கம் பிதுங்கிய விழிகளோடு அசுரர்கள், 90 பேருக்குமேல். வலப்பக்கம் கூம்பு முடி தரித்த தேவர்கள், 88 பேர். கடைகயிறான வாசுகிப் பாம்பின் தலைப்பக்கம் நிற்கும் பலதலையனை இராவணன் என்கிறார்கள். வால்பக்கக் குரங்கை அனுமன் என்கிறார்கள். இவர்களுக்கு இங்கே என்ன வேலை? தேர் வடம் பிடிக்கும்போது அடுத்த ஊர்க்காரனும் ஒரு கை போடுவதில்லையா, அப்படித்தான்.

முதல் பார்வைக்கு அத்தனை பேரும் ஒரே அச்சு. வெயில் நாளாக இருந்தால் நானும் இரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். மழை விடவில்லை, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். மடித்த முழங்கால், மார்புக்கு நேரே பாம்பைப் பற்றிய கை, மறுபடி முழங்கால், மறுபடி கை. நடக்க நடக்கக் கண் தானாகத் தாளம் போடத் தொடங்கியது. ஒருவனை மட்டும் பார்த்தால் அவன் சும்மா நிற்கிறான். இருபது பேரைக் கடந்தால்தான் இழுப்பது தெரிகிறது. அலுப்பூட்டுகிறது என்று பலர் சொல்லும் இந்தத் திரும்பத் திரும்ப வருதல்தான் சிற்பியின் சாமர்த்தியம். தலைகளை எண்ணி நாட்காட்டியோடு முடிச்சுப் போட்ட ஆய்வும் உண்டு. எனக்கு அதில் ருசி இல்லை.

நடுநாயகமான விஷ்ணு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவரைவிட அவர் காலடிக் கடலைப் பாருங்கள். ஓரங்களில் மீன்களும் முதலைகளும் நிம்மதியாக நீந்துகின்றன. மத்தான மந்தரமலையை நெருங்க நெருங்க நெரிசல். மத்துக்குப் பக்கத்தில் வந்ததும் மீன்கள் இரண்டு துண்டு, முதலை இரண்டு துண்டு! கடையும் வேகத்தை மேலே நிற்பவர்களின் முகத்தில் காட்டாமல், கீழே அறுபட்ட மீனில் காட்டிய அந்தக் கைக்கு ஒரு கும்பிடு. இத்தனைக்கும் செதுக்கலின் ஆழம் மிகக் குறைவு.

தலைக்கு மேலே, ஓடு வேய்ந்ததுபோல் செதுக்கிய கல்கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கூரை ஒழுகித்தான் உப்புப் பூத்துச் சிற்பங்கள் கெட ஆரம்பித்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் கூரையைப் பிரித்துச் சீராக்கி, 2012-இல் வேலையை முடித்தது. நான் நின்ற இரண்டு மணி நேரத்தில் சுவரில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

நீங்கள் போனால் ஓட்டுநரிடம் கிழக்கு வாசல் என்று சொல்லுங்கள். சுவரைத் தொடாதீர்கள், தொட்டுத் தொட்டே சில உருவங்கள் கருத்துப் பளபளக்கின்றன. மீன்களிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.