ஒரு நாட்குறிப்பும் நம் கோடைப் பணியும்

கோடை விடுமுறையில் குருமாணவர் ஒருவர் நம் பங்கிற்கு வருகிறார். சிறுவர்க்கு மறைக்கல்வி, பாடற்குழுப் பயிற்சி, இல்லச் சந்திப்பு, அன்பியக் கூட்டம் என நாள்கள் விரைகின்றன. விடைபெறும் நாளில் பொன்னாடையும் கைதட்டலும் உண்டு. பின்னர் அவர் எழுதும் அனுபவக் கட்டுரையில் நாம் பெரும்பாலும் காண்பது வெற்றிகளின் பட்டியலே. சிறுவர் நகைத்த வகுப்பும், திறவாத கதவும் அதில் இடம்பெறுவது அரிது.

இக்குறையை எண்ணும்போதெல்லாம் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் 1936இல் வெளியிட்ட 'ஒரு நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' என்னும் புதினம் நம் நினைவில் எழுகிறது. எழுதியவர் குரு அல்லர். ஆறு பிள்ளைகளுக்குத் தந்தையான பொதுநிலையினர். அம்ப்ரிக்கூர் என்னும் சிற்றூரை முதற்பங்காக ஏற்கும் இளங்குருவே கதைத்தலைவர். அவர் தம் நாட்குறிப்பில் எழுதுவதோ பெரும்பாலும் தோல்விகளையே.

புதுநன்மைக்கான வகுப்பில் செராபீத்தா என்னும் சிறுமி நன்கு விடையளிக்கிறாள். குரு மகிழ்ந்து, இத்துணைக் கவனம் எதனால் என வினவுகிறார். அவருடைய கண்கள் அழகாயிருப்பதால் என்கிறாள் அவள். வகுப்பே நகைக்கிறது. பின்னர் ஓர் இரவு நோயால் வழியில் மயங்கி விழும் அவருடைய முகத்தைத் துடைத்து விடுபவளும் அதே சிறுமிதான். தோற்றுப்போன வகுப்பிலிருந்தே அருள் திரும்பி வருகிறது. ஆசிரியர் இதற்கு விளக்கவுரை தரவில்லை; நிகழ்ச்சியையே பேசவிடுகிறார். நூலின் உயிர்நிலை இதுவென்போம்.

நூலில் ஒரு குறையும் உண்டு. நாட்குறிப்பு வடிவம் ஒருவர் குரலையே நமக்குத் தருவதால், பங்கு மக்கள் பலர் நிழல்களாகவே நின்றுவிடுகின்றனர். அவர்களுடைய நியாயம் நம் செவிக்கு எட்டுவதில்லை. ஆயினும் அந்நிழல்களில் நம் முகமும் தெரிகிறது. வயிற்று நோயால் ரொட்டியும் திராட்சை இரசமும் கொண்டே உயிர் வாழும் அக்குருவை ஊரார் குடிகாரர் எனத் தூற்றுகின்றனர். உடல்நலம் எப்படி என்று வினவியவர் மிகச் சிலரே.

விடுமுறைக் காலத்திலும் குருமாணவர் மேய்ப்புப்பணியில் பழக வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் குருத்துவப் பயிற்சி பற்றிய ஏடு 1965இல் கூறிற்று. பழக வருபவரிடம் நாமோ திறமைக் காட்சியை எதிர்பார்க்கிறோம். மறையுரை சுவைத்ததா, பாடல் இனித்ததா என்றே அளக்கிறோம். நம் அளவுகோலுக்கு அஞ்சியே அவர் தம் தோல்விகளை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். அவ்வாறு கற்றவர் நாளை குருவானபின் தம் தனிமையை எவரிடம் திறந்து கூறுவார்?

எனவே இப்புதினத்தைக் குருமாணவர்கள் மட்டுமன்றி நாமும் படித்தல் நலம். அடுத்த கோடையில் நம் இல்லம் தேடி வரும் தம்பியிடம், "வகுப்பு எப்படி?" என்பதற்கு முன்னே, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்போம். அவர் தம் குறையைச் சொல்லத் துணியும் வீடாக நம் வீடு விளங்கட்டும். குருக்களை உருவாக்குவதில் நமக்குள்ள பங்கு அங்கே தொடங்குகிறது.